எஃகுக் குண்டா, பீங்கான் குண்டா?

“எந்த பேரிங் போடலாம்னு வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க ஐயா” என்றார் டாக்டர்.

வேலூரில், எலும்பு மருத்துவர் ஒருவரின் அறையில், என் மனைவியின் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு அவர் சொன்ன வார்த்தை இது. எனக்குப் பேரிங் என்றால் சைக்கிள் கடைதான். புதுச்சேரியில் நான் பள்ளிக்கூடம் போன நாளில், பின்சக்கரம் கரகரவென்று சத்தம் போட்டால் கடைக்காரர் அச்சைக் கழற்றி, கருத்துப்போன கிரீஸைத் துடைத்து, தேய்ந்த பால்ரஸ் குண்டுகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவார். புதுக் குண்டு போட்டு, கிரீஸ் வைத்து மூடினால் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சைக்கிள் சக்கரத்துக்கு இப்படிக் குண்டு வைக்கும் முறைக்கு 1869இல் காப்புரிமை வாங்கியவர் பாரிஸைச் சேர்ந்த சைக்கிள் மெக்கானிக் ஜூல் சுய்ரிரே. அது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அதே சொல்லை மனுஷியின் இடுப்புக்குச் சொல்வார்கள் என்று எழுபது வயது தாண்டித்தான் கேள்விப்பட்டேன்.

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு குண்டுகளை எடுத்து வைத்தார். இரண்டும் பெரிய எலுமிச்சம்பழ அளவு. ஒன்று வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. மற்றது இளஞ்சிவப்பு, பழைய பீங்கான் கோப்பையின் வழவழப்பு. “இது மெட்டல், இது செராமிக். இது ஏதாவது ஒண்ணு தொடை எலும்புப் பக்கம். எதிர்ப்பக்கம் கிண்ணத்துல பிளாஸ்டிக். இதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசுற இடத்தைத்தான் பேரிங்னு சொல்றோம்.”

பிரெஞ்சு மருத்துவ நூல்களில் இதற்கு ‘கூப்ள் த ஃப்ரொத்மான்’ என்று பெயர் இருப்பதை அப்புறம் பார்த்தேன். உராய்வு ஜோடி என்று தமிழில் சொல்லலாம். ‘கூப்ள்’ என்றால் கணவன் மனைவி என்றும் அர்த்தம். நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகள் ஜவ்வாது மலையில் பள்ளி ஆசிரியை. நான் ஓய்வுபெற்ற பிறகு நாங்கள் இருவரும் ஜமுனாமரத்தூரில் அவளோடுதான் இருக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு ஜவ்வாது மலை என்றால் காவலூர் தொலைநோக்கி, 1986இல் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தது. எங்களுக்கு இது சாமை, தேன், பலா, மழை, வழுக்கும் கல். ஐப்பசி மழையில் கொல்லைப்புறப் படிக்கல்லில் என் மனைவி சறுக்கி விழுந்தாள். தொடை எலும்பு மேலே போய்க் குறுகி, கழுத்து மாதிரி ஆகி, அதன் நுனியில் குண்டாக முடிகிறதல்லவா, அந்தக் கழுத்தில் முறிவு. அக்கம்பக்கத்தார் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. 108 வண்டியில் போளூர் வழியாக மலை இறங்கி வேலூர் போய்ச் சேர்ந்தோம். மூன்று ஸ்க்ரூ வைத்து இணைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் முறிந்த அன்றே அந்தக் குண்டுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுந்திருந்தன போலிருக்கிறது. பத்து மாதத்தில் குண்டு உள்ளுக்குள்ளேயே செத்து, நசுங்கிப்போன முட்டை ஓடு மாதிரி ஆகிவிட்டது. மூட்டு மாற்றுவதைத் தவிர வழி இல்லை. அவளுக்கு அப்போது 66 வயது.

டாக்டர் மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார். இரண்டு குண்டுக்கும் விலை வித்தியாசம் என்னுடைய ஒன்றரை மாத ஓய்வூதியம்.

பணம் பெரிதில்லை. ‘செராமிக்’ என்ற சொல்லைக் கேட்டதும் என் வயிற்றில் ஏதோ புரண்டதற்குக் காரணம் வேறு. அந்தச் சொல்லை நான் ஏற்கனவே ஒரு முறை, 1999இல், ஒரு கோப்பில் எழுதியிருக்கிறேன்.

அப்போது மருத்துவச் செலவு பில்களைச் சரிபார்க்கும் மேசை என்னுடையது. இன்னொரு பிரிவில் இருந்த ஓட்டுநர் ஒருவர், நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர், இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு முன்பணம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். மருத்துவமனை கொடுத்த மதிப்பீட்டில் ‘செராமிக் தலை’ என்று ஒரு வரி. நான் நோட் போட்டேன்: ‘உலோகத்தால் ஆன தலை குறைந்த விலையில் கிடைக்கிறது. செராமிக் தேவை என்பதற்கு மதிப்பீட்டில் காரணம் காட்டப்படவில்லை. வித்தியாசத் தொகை அனுமதிக்கத்தக்கதன்று.’ அதிகாரி கீழே கையெழுத்துப் போட்டார். விதிப்படி சரியான நோட். அந்த மனிதர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வித்தியாசத்தைத் தானே கட்டினார் என்று சில மாதம் கழித்து காண்டீனில் யாரோ சொன்னார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகவே இந்த மூன்று வாரத்தில் நான் செய்தது ஒரு விதத்தில் பழைய கோப்பை மறுபடி எடுத்தது. காரணம் காட்டப்படவில்லை என்று எழுதினேனே, காரணம் என்ன?

மூட்டு மாற்றும் ஆசை பழையது. 1890களின் தொடக்கத்திலேயே பெர்லினில் தெமிஸ்தோக்லஸ் க்ளூக் என்ற மருத்துவர் யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பொருத்திப் பார்த்தார். எஃகு வந்தது 1938இல். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பிலிப் வைல்ஸ் என்பவர் துருப்பிடிக்காத எஃகில் குண்டும் கிண்ணமும் செய்து ஆறு நோயாளிகளுக்கு வைத்தார். போர் வந்தது, அந்தப் பதிவுகள் தொலைந்தன. போருக்குப் பின், 1946இல், பிரான்ஸில் ழுய்தே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் குண்டு செய்தார்கள். ஆரம்பத்தில் அருமையாக இருந்தது. பிறகு தேய்ந்தது, உடைந்தது, சத்தமும் போட்டது. அப்படி ஒருவரின் இடுப்பு கீச்சிட்டதில் அவர் மனைவியே ஒரே அறையில் இருக்க மாட்டேன் என்றாளாம். அதைக் கேட்ட ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், மூட்டில் முக்கியம் குண்டு அல்ல, உராய்வுதான் என்று யோசிக்கத் தொடங்கினார்.

இந்த சார்ன்லியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லங்காஷயர் பக்கம் ரைட்டிங்டன் என்ற ஊரில், முன்பு காசநோய்க்காரர்களுக்கு இருந்த மருத்துவமனையில் அவர் வேலை செய்தார். குண்டுக்கு எஃகு, கிண்ணத்துக்கு டெஃப்ளான் என்று முடிவு செய்தார். நம் தோசைக் கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்ளான். 1958 முதல் ஏறக்குறைய 300 பேருக்கு வைத்தார். நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் டெஃப்ளான் பொடிப்பொடியாகத் தேய்ந்து, அந்தப் பொடியைச் சுற்றி உடம்பு கட்டி கட்டியாக வீங்க, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தான் வைத்ததைத் தானே கழற்றினார். அந்தப் பொடிதான் குற்றவாளியா என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார். குற்றவாளிதான்.

அப்போது அவருடைய பட்டறையில் ஹாரி கிரேவன் என்று ஒரு உதவியாளர். 1962இல் ஒரு வியாபாரி வந்து, நெசவுத் தறிப் பல்சக்கரத்துக்குப் போடும் புது பிளாஸ்டிக் என்று ஒரு துண்டைக் காட்டினார். பாலிஎதிலீனில் உயர்ந்த வகை. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று ஒதுக்கிவிட்டு டென்மார்க் போய்விட்டார். கிரேவன் சொன்னதைக் கேட்கவில்லை. அதைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ராப்பகலாக ஓட விட்டார். அதிகாரி திரும்பி வந்து பார்த்தபோது மூன்று வாரம் ஓடியும் தேய்மானம் டெஃப்ளான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். 22 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு, பாலிஎதிலீன் கிண்ணம். இன்றுவரை உலகத்தில் நடக்கும் இடுப்பு மாற்றுகளுக்கு அதுதான் அடிப்படை. மேலதிகாரி ‘வேண்டாம்’ என்று எழுதிய கோப்பைக் கீழ்நிலை ஊழியர் மறுபடி ‘சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று மேலே அனுப்பிய கதை இது. நான் என் 34 வருஷ சர்வீஸில் அப்படி ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

நம் ஊரில் பலருக்கு இந்தக் கிண்ணமெல்லாம் கிடைக்காது. அரசு மருத்துவமனைகளில் வயதானவர்களின் தொடைக் கழுத்து முறிவுக்கு ‘ஆஸ்டின் மூர்’ என்ற உலோகத் தலை வைப்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஒருவரின் பெயர் அது. குண்டு மட்டும் உலோகம், எதிர்ப்பக்கம் நோயாளியின் சொந்தக் கிண்ணம். விலை குறைவு. என் மேசைக்கு வந்த பில்களில் அந்தப் பெயரை எத்தனையோ முறை பச்சை மையால் டிக் அடித்திருக்கிறேன். ஆட்சேபனை எழுப்பியதே இல்லை. மலிவானது எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

ஒரு விஷயம் இங்கே. நாம் ‘ஸ்டீல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் இன்றைய உலோகக் குண்டுகள் பெரும்பாலும் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம். எஃகைவிடக் கடினமானது. ஆனாலும் உலோகம் உலோகம்தான். அதன் மேல் மெல்லிய கீறல் விழும். கீறல் விழுந்த குண்டு எதிரே இருக்கும் பிளாஸ்டிக்கை அரம் மாதிரி ராவும். பழைய வகை பிளாஸ்டிக் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேயும். கேட்டால் சொற்பம். ஆனால் தேய்ந்தது எங்கே போகும்? கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துகளாக மூட்டைச் சுற்றித் தங்கும். உடம்பு அவற்றை விழுங்கப் பார்த்து, முடியாமல், பக்கத்திலிருக்கும் எலும்பைக் கரைத்துவிடும். பத்துப் பதினைந்து வருஷத்தில் மூட்டு ஆடத் தொடங்கும். வலிக்கும்வரை நோயாளிக்குத் தெரியாது.

இதை நான் என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்தபடி கேட்டவள், “திருகையைக் கொத்தின அன்னிக்கு மாவுல மண்ணு விழுமே, அதுதானே?” என்றாள். பக்கத்து வீட்டு அம்மா இன்னும் திருகையில்தான் சாமை உடைக்கிறாள். கல் வழுக்கையாகிவிட்டால் உளி வைத்துக் கொத்துவார்கள். கொத்திய பிறகு முதலில் அரைப்பதைக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும், பல்லில் கரகரக்கும். நான் இரண்டு வாரம் பிரெஞ்சில் படித்துப் புரிந்துகொண்டதை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

பிரெஞ்சில் படித்தேன் என்றேனே, அதற்குக் காரணம் பீங்கான் மூட்டு பிரான்ஸில் பிறந்தது. பிரெனீஸ் மலையடிவாரத்தில் போ என்று ஓர் ஊர். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை எதுவும் இல்லாத ஊர். அங்கே பியேர் பூத்தேன் என்ற அறுவை மருத்துவர் 1970இல் குண்டு, கிண்ணம் இரண்டையுமே பீங்கானில் செய்து ஒரு நோயாளிக்கு வைத்தார். பொருள் அலுமினா. அலுமினியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்த தூளை அழுத்திச் சூளையில் சுட்டது. மின்சாரத் தொழிலில் இன்சுலேட்டருக்கும் வேறு பலதுக்கும் ஏற்கனவே பயன்பட்ட சரக்கு. 1972இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘சுட்ட அலுமினா’ என்று இருக்கிறது.

ஏன் அலுமினா? கடினம். வைரத்துக்குக் கீழே ஒன்றிரண்டு படிதான். கீறல் விழாது. கண்ணாடி மாதிரி மெருகேறும். இன்னொரு குணமும் உண்டு. அதன் மேல் ஈரம் உருண்டு ஓடாமல் படர்ந்து நிற்கும். மூட்டுக்குள் உடம்பு சுரக்கும் வழுவழுப்பான நீர் இரண்டு பரப்புக்கும் நடுவே தங்கும். சைக்கிள் கடைக்காரர் வைக்கும் கிரீஸ் வேலையை அது செய்யும். உப்பு நீரில் துருப்பிடிக்காது. எரிந்து முடிந்த பொருள், மறுபடி ஆக்ஸிஜனோடு சேர அதில் ஒன்றும் மிச்சமில்லை.

அலுமினா இயற்கையில் படிகமாகக் கிடைத்தால் அதற்கு ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’, பிரெஞ்சில் ‘கொரிந்தோன்’. பள்ளியில் வேதியியல் பாடத்தில் கொரிந்தோன் என்று ஆயிரம் முறை உருப்போட்டிருக்கிறேன். அது நம் குருந்தக் கல் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தமிழிலிருந்து போன சொல் அது. கத்தி சாணை பிடிக்கவும் ரத்தினம் பட்டை தீட்டவும் நம்மவர்கள் பயன்படுத்திய கல். (மாணிக்கவாசகர் உபதேசம் பெற்ற குருந்த மரம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் மாணிக்கம் இதே குடும்பம்தான்.) குருந்தக் கல்லில் துளி குரோமியம் கலந்திருந்தால் சிவந்து மாணிக்கம் ஆகிறது, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். பழைய கைக்கடிகாரங்களில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருக்குமே, அவை சக்கரங்களின் அச்சு முனை சுழல வைத்த மாணிக்கக் குழிகள். எஃகு அச்சு, கல் குழி. உலோகத்துக்குப் பதில் கல்லைப் பேரிங்காக வைக்கும் யோசனை 1704இல் லண்டனில் காப்புரிமை பெற்றது. இருநூறு வருஷம் கழித்து, 1902இல், பாரிஸில் ஒகுஸ்த் வெர்னுய்ல் அலுமினாத் தூளை உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகு அது எல்லார் மணிக்கட்டுக்கும் வந்தது. என் அப்பாவின் கடிகாரத்தில் இருந்ததும் செயற்கை மாணிக்கமாகத்தான் இருக்க வேண்டும். அவர் சாகும்வரை அசல் என்றே நம்பினார்.

அப்படியானால் 1970க்குப் பிறகு உலகம் முழுக்கப் பீங்கானுக்கு ஏன் மாறவில்லை? உடையும் என்பதால். பூத்தேன் காலத்து அலுமினாவின் உள்மணிகள் பெரியவை, நடுவே நுண்ணிய ஓட்டைகள். சில குண்டுகள் உள்ளேயே பிளந்தன. உலோகம் நசுங்கும், வளையும், தேயும், எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக. பீங்கான் கடைசி நிமிஷம்வரை புதிது மாதிரி இருந்து ஒரே அடியில் சில்லாகும். அந்தச் சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுப்பது மருத்துவருக்குப் பெரும்பாடு. அதன் பிறகு அங்கே உலோகக் குண்டு வைத்தால் மிஞ்சிய துகள் அதை அரித்துவிடும். இதனால் மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்தது. தேய்வதற்குப் பயந்தவர்கள் ஒரு பக்கம், உடைவதற்குப் பயந்தவர்கள் ஒரு பக்கம். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் சிலர் பிடிவாதமாகப் பீங்கானைச் சீர்படுத்திக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்காவில் பீங்கானோடு பீங்கான் உரசும் மூட்டுக்கு அனுமதி கிடைத்ததே 2003இல்தான்.

நடுவில் நடந்த ஒன்றை எந்தக் குயவரிடம் சொன்னாலும் தலையாட்டுவார். அலுமினாவைவிட உடையாத பீங்கான் என்று 1980களில் சிர்க்கோனியா வந்தது. நன்றாகத்தான் விற்றது. பிரான்ஸில் அதைச் செய்த பெரிய நிறுவனம் சேன்-கோபேன் குழுமத்தைச் சேர்ந்தது. 1998இல் சூளையை மாற்றினார்கள். ஈடு ஈடாகச் சுடும் பழைய சூளைக்குப் பதில், ஒரு வாயில் போட்டு மறு வாயில் எடுக்கும் தொடர் சூளை. அதில் சுட்ட சில தொகுதிகள் நோயாளிகளின் இடுப்பில் உடையத் தொடங்கின. 2001 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். சிர்க்கோனியாக் குண்டின் கதை ஏறக்குறைய அதோடு முடிந்தது.

அதைப் பார்த்துப் பீங்கானே வேண்டாம் என்றவர்கள் எங்கே போனார்கள்? பலர் உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுக்குப் போனார்கள். உடையவே உடையாது, இளம் வயதினருக்கு ஏற்றது என்று விளம்பரம். அதில் ஒன்றுதான் ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் விற்ற ஏ.எஸ்.ஆர். தேய்ந்து வந்த கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் கலந்து, மூட்டைச் சுற்றித் தசையை அழுகவைத்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தன. 2018இல் மத்திய அரசு இழப்பீட்டுக்கு வழி செய்தபோது, அதில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. யார் இடுப்பில் எந்த எண் போட்ட மூட்டு என்ற பதிவேடு இல்லை. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு, அந்தச் செய்தியில் மற்ற எதைவிடவும் இதுதான் வயிற்றெரிச்சல். ஸ்வீடனில் 1979இலேயே இடுப்பு மூட்டுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். ஒரு பேரேடு, ஒரு வரிசை எண், அவ்வளவுதானே வேலை!

டாக்டர் காட்டிய இளஞ்சிவப்புக் குண்டு இந்தச் சண்டைகளுக்கெல்லாம் பிறகு, 2000த்துக்குப் பின் பரவலானது. முக்கால் பங்குக்கு மேல் அலுமினா, மீதி பெரும்பாலும் சிர்க்கோனியா. சூட்டில் அழுத்தி ஓட்டைகளை மூடியது. சிர்க்கோனியாத் துகள்கள் கீறல் பரவுவதைத் தடுத்து நிறுத்துகின்றன. ரோஜா நிறம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். துளி குரோமியம். மாணிக்கத்தைச் சிவக்க வைப்பது எதுவோ அதேதான்.

உடைவது பற்றி நம்பகமான கணக்கு பிரிட்டனின் தேசியப் பதிவேட்டிலிருந்து 2017இல் வெளிவந்தது. பழைய அலுமினாக் குண்டுகளில் உடைந்தவை ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். புதிய இளஞ்சிவப்பு வகையில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. கிண்ணத்துப் பிளாஸ்டிக்கும் முன்பு போல இல்லை, கதிர்வீச்சால் இறுக்கியது, தேய்மானம் வெகுவாகக் குறைவு. அதனால் இந்தப் புதுப் பிளாஸ்டிக்குக்கு எதிரே 66 வயதுக்காரிக்கு உலோகக் குண்டே போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. உலோகக் குண்டு உலோகத் தண்டில் உட்காரும் இடத்தில் சிலருக்கு அரிப்பு ஏற்படுகிறது, பீங்கானில் அது குறைவு என்று எதிர்த்தரப்பு. பீங்கானோடு பீங்கான் வைத்தால் சிலருக்குக் கீச்சிடும் சத்தம் வருவதாகவும் பதிவாகியிருக்கிறது. ழுய்தே காலத்துச் சத்தம் மறுபடி.

நான் பழக்கதோஷத்தில் ஒரு தாளை நடுவே மடித்து, இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் பீங்கான் என்று எழுதி, அவளிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

“நீங்க என்ன நோட் போடுறீங்க?”

“நான் போடல. நீதான் கையெழுத்து.”

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். “எனக்கு எண்பத்தஞ்சு வயசுல மறுபடி அறுக்கணும்னா அப்ப மலையில இருந்து என்னை யார் தூக்கிட்டு இறங்குவா? நீங்களா? உடையறது பத்தாயிரத்துல ஒண்ணுன்னா போகட்டும். தேயறது எல்லாருக்கும்தானே?”

பீங்கான் குண்டு, பிளாஸ்டிக் கிண்ணம் என்று முடிவாயிற்று. டாக்டரிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கலாமா என்பது. “வேண்டாம்மா. குத்தவைக்கவும் கூடாது” என்றார். அதற்கு மட்டும் முகம் வாடியது. மலை வீட்டில் நாற்காலிக் கழிப்பறை கட்ட நான் மேஸ்திரியைத் தேடி அலைந்தது தனிக் கதை.

அறுவை நல்லபடி முடிந்தது. மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நான் கேட்டு வாங்கிய ஒன்று: குண்டு, கிண்ணம், தண்டு ஒவ்வொன்றின் பெட்டியிலும் இருக்கும் ஸ்டிக்கர். தொகுதி எண், வரிசை எண், அளவு எல்லாம் அதில் இருக்கும். மருத்துவமனை ஏட்டில் ஒன்று ஒட்டுகிறார்கள், மீதம் இருக்கும். இதைப் படிப்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ எந்த மூட்டு வைத்தாலும் அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் தாளோடு வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அதற்கென்று தனிக் கோப்பு, நாடா போட்டுக் கட்டியது, இருக்கிறது.

இப்போது வாக்கரும் இல்லை, கைத்தடியும் இல்லை. காலையில் பால் வாங்க அவளே போகிறாள். கொல்லைப்புறப் படிக்கல்லை எடுத்துவிட்டேன்.

போன தை மாதம், ஓய்வூதியர் சங்கத்து நண்பர் ஒருவரிடம் கேட்டு அந்த ஓட்டுநரின் நம்பரை வாங்கினேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு ஒரு சாயங்காலம் பேசினேன். பெயரைச் சொன்னதும் “நல்லா இருக்கீங்களா சார்?” என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அதே மூட்டுதான் சார் ஓடுது. வண்டிதான் பழசாயிடுச்சு.” சிரித்தார்.

அந்த பில்லில் ஆட்சேபனை எழுதியது நான்தான் என்றேன்.

“தெரியும் சார். உங்க கையெழுத்து ஆபீஸ்ல யாருக்குத் தெரியாது?” கொஞ்சம் இடைவெளி. “சங்கிலியை அடுத்த வருஷமே மீட்டுட்டேன்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மனைவிக்கு மூட்டு மாற்றியதைச் சொன்னேன். “அம்மாவுக்கு என்ன குண்டு சார் வச்சாங்க?” என்று கேட்டார். செராமிக் என்றேன்.

“வித்தியாசத் தொகை பாஸ் ஆச்சா சார்?”

“நான் கேக்கவே இல்லப்பா” என்றேன்.